நேரா எரிஞ்ச சுருட்டு

அந்தப் பூட்டை ஸ்டூல் மேல வையும் மஹேஷே. மொதல்ல உக்காரும். மொட்டைமாடி எங்கயும் ஓடிப் போயிராது. நெல்லையப்பன் மாமான்னு வாய் நிறையக் கூப்பிடுகீரு, கையில பூட்டோட வந்து நிக்கீரு. செக்ரட்டரி குத்தம் சொல்லியாச்சு. குத்தவாளி பதில் சொல்லாண்டாமா?

மேல போய்ப் பூட்டிட்டு வந்து கேக்கீரா? வேண்டாம். இப்பக் கேளும். பொறவு எனக்கு மனசு மாறிரும்.

காப்பி கிடையாது. என் வீட்டுக்காரி பகவதி, கோயிலுக்குப் போயிருக்கா. எனக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. சுருட்டுதான் பத்த வைக்கத் தெரியும். இன்னா, ஏலக்காய் இருக்கு, ஒண்ணு வாயில போடும். என் சட்டைப்பையில எப்பவும் கிடக்கும். வாடை தெரியாதுல்லா.

செருப்பா? ஆமா, வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கேன். என் வீடு, என் செருப்பு. அதுக்கும் அசோசியேஷன்ல ரூல் இருக்கா?

சரி, விஷயத்துக்கு வாரும். மொட்டைமாடியில கருவேப்பிலைச் சட்டிக்குள்ள ஒரு சுருட்டுத் துண்டு. அஞ்சாவது மாடி சரஸ்வதியம்மா காயப்போட்ட நைட்டியில ஒரு ஓட்டை. இந்த ஃபிளாட்டுல சுருட்டு குடிக்கவன் நான் ஒருத்தன். அதனால மாடியைப் பூட்டி, சாவியைச் செக்யூரிட்டி கையில குடுத்திரணும். இவ்வளவுதானே? கமிட்டி தீர்மானம் பண்ணியாச்சு. நல்ல கமிட்டி. கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீசுல கம்ப்யூட்டர் முன்னால இருந்துக்கிட்டு வாட்ஸாப்புல கை தூக்குக கமிட்டி.

குடிப்பேன். இல்லேன்னு சொன்னேனா? சாயங்காலம் ஒண்ணு. தண்ணி டேங்குக்கு அந்தப் பக்கம் நின்னு, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லாம. அந்த மாடியைப் பூட்டினா எனக்குச் சாயங்காலமே கிடையாது. பகவதி கூட இருந்து சீரியல் பாக்கணும். எனக்கு மட்டுமா... சரி, அதை விடும்.

அந்தத் துண்டு இருக்க கவரை இங்க கொண்டாரும். பிளாஸ்டிக் கவருல போட்டு, ரப்பர் பேண்டும் சுத்தி... போலீசுகாரன் தோத்தான் போரும். என் கண்ணாடி எங்க? நெத்தியிலயா? சரி.

ம்.

இது நான் குடிச்சது இல்ல.

எப்பிடின்னா? பாத்தாலே தெரியுது. இது நேரா எரிஞ்சிருக்கு. என் சுருட்டு நேரா எரியாது.

கோபப்படாதேயும் ஓய். விளையாடலை. இரியும், இன்னா வாரேன். பால்கனியில ஒண்ணு கிடக்கு... இன்னா. இது நேத்து நான் குடிச்சது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரும். என்ன தெரியுது? என்னோடதுல ஒரு பக்கம் எரிஞ்சு உள்ள போயிருக்கு. மத்தப் பக்கம் அப்பிடியே நீட்டிக்கிட்டு நிக்குது. பூவார்க் கடற்கரையில வள்ளத்தை இழுத்துப் போட்ட மாதிரி. உம்ம துண்டு? கத்தி வச்சு வெட்டின மாதிரி சுத்திலும் ஒரே அளவு.

ரெண்டும் ஒரே கட்டு சுருட்டுதான். திருச்சிச் சரக்கு. அது எனக்கும் தெரியுது. ஆனா ஒரே கட்டுல இருந்து வந்தாலும் இருந்த இடம் வேற. ஈரமாக்கும் சங்கதி.

என்ன ஈரமா? நான் நாப்பது வருஷம் சாலைக் கடைத்தெருவுல வத்தலும் மல்லியும் மொத்த வியாபாரம் பண்ணினவன். சாக்குல கையை விட்டா வத்தல் சத்தம் போடணும். சத்தம் இல்லேன்னா ஈரம், வாங்கப்பிடாது. சுருட்டும் அப்பிடித்தான். காதுப் பக்கத்துல வச்சு ரெண்டு விரலால பைய உருட்டணும். நொறுங்குக சத்தம் கேட்டா காய்ஞ்சு போச்சு. ஒண்ணுமே கேக்காம பஞ்சு மாதிரி அமுங்கினா ஈரம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்கு. திருவனந்தபுரத்துல அந்தப் பதத்துக்கு ஒரு சுருட்டு கிடைச்சா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம்.

வாச்சைப் பாக்காதேயும். மேல சரஸ்வதியம்மா நைட்டி இன்னைக்கு இல்ல. காலையில பூரா மழை. அவசரம் ஒண்ணும் இல்ல.

ஈரச் சுருட்டு பத்தாது. குச்சி மேல குச்சி கிழிக்கணும். பத்தினாலும் ஈரம் குறைஞ்ச பக்கம் மட்டும் எரிஞ்சு உள்ள போகும், மத்தப் பக்கம் மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாம இருக்கும். இழுத்தா புகை வராது. கன்னம் ரெண்டும் ஒட்டிப் போகும். ஒரு வார்த்தை பேசினா அணைஞ்சிரும். மறுபடியும் பத்த வச்சா கசப்பு. கஷாயம் தோத்துப் போகும். சாம்பலும் கறுப்பா, களிமண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்கும். தட்டினாலும் விழாது. இன்னா, தட்டிப் பாரும். விழுதா? இது எங்க பறந்து போய் நைட்டியில ஓட்டை போடும்?

ஏன் ஈரத்துல வைக்கேன்னா கேக்கீரு? ஆசையா எனக்கு? பகவதி சட்டம். சுருட்டு அவ வீட்டுக்குள்ள வரப்பிடாது. ஒருக்க அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சேன். அரிசி ஈரத்தை எல்லாம் உறிஞ்சிட்டு. எடுத்தா பப்படம் மாதிரி பொடிஞ்சு போச்சு. அது போகட்டும், சோறு சுருட்டு மணத்துச்சு. அந்த அரிசி தீருகது வரைக்கும் எனக்கு மட்டும் அதுல தனிச் சோறு. அவளுக்கு வேற அரிசி. பேச்சும் கிடையாது.

பொறவு அடுக்களைக்குப் பின்னால இருக்க ஒர்க் ஏரியாவுக்குத் தள்ளிட்டா. வாஷிங் மெஷினுக்கு மேல ஒரு பலகை, அதுல பிஸ்கட் டப்பா. அங்க தான் என் சுருட்டு. அந்த இடம் இப்பப் பொன்முடி மலையாக்கும், அவ்வளவு ஈரம். மஞ்சு இறங்காதது ஒண்ணுதான் குறை. யாரால? இடவப்பாதி மழையாலயா? இல்ல. உம்மாலயாக்கும்.

நீருதான். மேல் மாடியில உம்ம வீட்டு ஏசி பைப்பு எங்க வந்து நிக்குது? நேரா என் ஒர்க் ஏரியா ஜன்னலுக்கு மேல. ராவும் பகலும் சொட்டு. பலகை ஊறிப் போச்சு. கீழ வாளி வச்சிருக்கேன், நிறைஞ்சா பகவதி அதை எடுத்துத் தரை துடைக்கா. நான் உம்மட்ட வந்து சொன்னப்ப என்ன சொன்னீரு? செக்ரட்டரிக்கு எழுதிக் குடுங்க மாமான்னு சொன்னீரு. யாரு செக்ரட்டரி? நீரு. உம்ம மேல உம்மட்டயே எழுதிக் குடுக்கணும். நான் குடுத்தேன். பொறவு ஒரு பேச்சும் இல்ல.

உப்பும் வச்சுப் பாத்தேன். ஒரு சோடா மூடியில உப்பு, ரெண்டு சொட்டுத் தண்ணி, அதை டப்பாக்குள்ள ஒரு மூலையில. உப்பு நல்ல நாட்டாமை. ஈரம் கூடினா உறிஞ்சும், குறைஞ்சா விடும். சுருட்டு பதமா நிக்கும். ஆனா டப்பா தலையில ராப்பகலா தண்ணி விழுந்தா உப்பு என்ன செய்யும்? அது உப்பு. கலெக்டர் இல்ல.

எங்க எந்திரிக்கீரு? வாளியைப் பாக்கவா? பாரும், பாரும். அன்னா, அந்தக் கதவு. பைய நடவும், தரை வழுக்கும்.

என்ன, சொட்டலியா?

ஆமா. இப்பச் சொட்டலை. அது எனக்கும் தெரியும். அதைப் பொறவு சொல்லுகேன். வந்து உக்காரும்.

இப்ப உம்ம துண்டுக்கு வருவோம். இது நேரா எரிஞ்சிருக்கு, சரி. ஆனா நல்லா எரிஞ்சதுன்னு நினைக்காதேயும். மேல் இலையைப் பாரும், அயிலை மீன் செதில் மாதிரி வெடிச்சு எந்திரிச்சிருக்கு. தொட்டா உதிருது. இது காய்ஞ்ச சரக்கு. காய்ஞ்ச சுருட்டு சண்டைக்காரன். வேகமா எரியும், சூடா எரியும், நாக்கைச் சுடும். சாம்பல் நிக்காது. வெள்ளையா, பஞ்சு மாதிரி. காத்து வந்தா பறந்திரும். போகும்போது சும்மா போகாது, ஒரு தீக்கங்கையும் கூட்டிக்கிட்டுப் போகும். சரஸ்வதியம்மா நைட்டியில அந்த ஓட்டை எவ்வளவு இருந்துச்சு? கடுகு அளவா? அதாக்கும். காய்ஞ்ச சுருட்டுக் கங்கு.

அப்ப இந்தச் சுருட்டு காய்ஞ்ச இடத்துல இருந்து வந்திருக்கு. இந்த ஊருல, இந்த மழையில, எங்க இருக்கு காய்ஞ்ச இடம்? சொல்லும். உப்பு ஜாடியில உப்பு கஞ்சியாக் கிடக்கு. தீப்பெட்டி கிழிச்சா கூழாகுது. பப்படம் பொரிச்சு எடுத்து இலைக்கு வாரதுக்குள்ள துணியாட்டம் தொங்குது. என் மர பீரோவுல வேட்டி எல்லாம் பூசணம். இதுக்குள்ள ஒரு சுருட்டு இப்பிடிக் காயணும்னா ஒரே வழிதான். ராப்பகலா ஏசி ஓடுக ரூம்.

அரிசி டிரம்மும் காய வைக்குமேன்னா? நல்ல கேள்வி. ஆனா அரிசி டிரம்முல வச்சா வீடு பூரா நாறும், அடுத்த நேரமே பிடிச்சிருவாளுக. இது பிடிபடாத இடத்துல இருந்திருக்கு.

எல்லா வீட்டுலயும் ஏசி இருக்கு, சரிதான். ராத்திரி போடுவாங்க. காலையில அணைச்சிருவாங்க. பகலும் போடுகது எந்த வீடு? கரண்டு பில்லைப் பாத்துப் பயப்படாத வீடு. எனக்கு அதுக்குக் கணக்கு வேண்டாம். என் வாளி சொல்லும்.

சிரிக்கீரா? சிரியும்.

ராஜஸ்ரீயா? ஓய்! கட்டின பொண்டாட்டியை இவ்வளவு சீக்கிரம் காட்டிக் குடுக்கீரு. பாவம், காலையில உம்ம கூடவே காருல போய், உம்ம கூடவே டிராஃபிக்ல நின்னு திரும்பி வாரவ. அவளுக்குச் சுருட்டு குடிக்க எங்க நேரம்? இன்னைக்கு நீரு மட்டும் எப்பிடிச் சீக்கிரம் வந்தீரு? பூட்டு வாங்க லீவு போட்டு, வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வாரீரா? நல்லா இருக்கு.

ஹோம் நர்ஸ் ஷிபாவையும் சொல்லாதேயும். நாலு மணி ஆனா பஸ்ஸுக்கு ஓடுகவ. அவ சுருட்டு குடிச்சா பஸ்ஸு போயிரும்.

நான் உங்க அப்பா பேரைச் சொல்லலை. நீருதான் சொன்னீரு. ராமசுப்ரமணியன் சார் கட்டில்ல கிடக்காரு, அவரால ஒண்ணுக்கும் எந்திரிக்க முடியாது, இடுப்பு ஆபரேஷன் ஆன பொறவு வீல்சேர்தான். எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில இருந்து அவரைக் கொண்டு வந்தப்ப லிஃப்டுல ஒரு பக்கம் பிடிச்சவன் நானாக்கும்.

சரி, ஒண்ணு கேக்கேன். டாக்டர் என்ன சொன்னாரு? நடக்கச் சொன்னாரா, படுக்கச் சொன்னாரா? நடக்கச் சொன்னாரு. வாக்கர் வாங்கினீரு. அது இப்ப எங்க? போன வாரம் நான் வந்தப்ப அதுல ரெண்டு துண்டும் உம்ம ஜட்டியும் காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதேயும், கண்ணுல பட்டது.

நடந்தா விழுந்திருவாருன்னு பயம். தெரியும். ஒருக்க ஹாலுக்கு எந்திரிச்சு வந்தாருல்லா. ராஜஸ்ரீ போட்ட சத்தத்துல நான் கீழ காப்பியைக் கொட்டிட்டேன். நீரு ஷிபாவைத் திட்டினீரு, அப்பாவையும் திட்டினீரு. அன்னையோட அவரு எந்திரிக்கலை. அப்பிடித்தானே?

ஏன் இதெல்லாம் கேக்கேன்னா... இரியும். எந்திரிக்காதேயும். பூட்டைத் தொடாதேயும். ஒரு நிமிஷம். இன்னும் ஒண்ணு இருக்கு. ஏலக்காய். உம்ம வீட்டுல ஏலக்காய் டப்பா சீக்கிரம் காலியாகுதா? பாயசம் வைக்காமலே? யோசிச்சுப் பாரும். அவசரம் இல்ல, நல்லா யோசியும்.

நான் ஒரு நாளும் இவ்வளவு பேசுகவன் இல்லதான். பகவதி சொல்லுவா, உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை எடுக்க டெண்டர் விடணும்னு. இன்னைக்குப் பேசுகேன். காரணம் இருக்கு. எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. நீரு பேசும் கொஞ்சம். உம்ம ஆபீசைப் பத்தி ஏதாவது சொல்லும். என்ன வேலை பாக்கீருன்னு இதுவரைக்கும் எனக்கு மனசிலானதே இல்ல.

ஸ்ஸ்.

சத்தம் போடாதேயும்.

கேக்குதா?

ஒர்க் ஏரியாவுல. அன்னா, மறுபடியும். டொக். வாளியில.

அப்பாடா. இனி எனக்குப் பேச வேண்டாம்.

என்னவா? வந்துட்டாருன்னு அர்த்தம். யாரா? உங்க அப்பாதான். இறங்கி வந்து, ரூமுக்குப் போய், ஏசியைப் போட்டுட்டாரு. கவர்மென்டு ஆபீசுல இருந்த மனுஷன்லா, ரூமை விட்டு வெளிய போனா சுவிட்சை அணைச்சிட்டுத்தான் போவாரு. சொட்டு நின்னா அவரு மேல போறாருன்னு எனக்குத் தெரியும். உடனே நானும் செருப்பை மாட்டுவேன். இன்னைக்கும் மாட்டிக்கிட்டு நிக்கேன், நீரு பூட்டோட வந்து நிக்கீரு.

லிஃப்டா? லிஃப்டு அஞ்சாவது மாடியோட சரி. மொட்டைமாடிக்குப் படிதான். உமக்குத் தெரியாதா, செக்ரட்டரி?

ஏறுகாரு. மொதல்ல மொதல்ல நான் பிடிச்சேன். பொறவு என் தோளைப் பிடிச்சாரு. இப்பக் கைப்பிடிக் கம்பி போதும். தனியாவே ஏறுகாரு. சும்மா ஏறச் சொன்னா ஏறுவாரா? மேல ஒரு சுருட்டு இருக்குன்னு சொன்னேன், ஏறினாரு. ஆபீஸ் கேன்டீனுக்குப் பின்னால இருந்து முப்பது வருஷம் குடிச்சிருக்காரு ஓய், உங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஏலக்காய். ஓட்டை விழுந்த அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு பேரும் ஊதி அணைச்சோம்.

உம்மட்டச் சொன்னா மறுபடியும் வீல்சேர்லயே உக்கார வச்சிருவீருன்னு பயம் அவருக்கு. அதோட, கட்டிலுக்கே காப்பி வருதுல்லா, அதை விடவும் மனசில்ல. அதையும் சொல்லணும்.

சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். பூட்டைப் பாத்த பொறவு எந்தச் சத்தியம் நிக்கும்? நீரு மேல போயிருந்தா படியில நேருக்கு நேரா வந்து முட்டியிருப்பீரு. பதறியிருப்பாரு. பதறினா காலு இடறும். அதுக்குத்தான் உம்மை இங்க உக்கார வச்சு இந்தச் சுருட்டுப் புராணம். ஆனா சொன்னது எல்லாம் சத்தியம் கேட்டீரா, ஈரம், உப்பு, கங்கு, ஒண்ணும் பொய் இல்ல. நான் குடுத்த சுருட்டை அவரு தலையணைக்கு அடியில வச்சிருக்காரு. உம்ம ஏசி அவரு சுருட்டுல இருக்க ஈரத்தை எல்லாம் எடுத்து, என் சுருட்டு மேல கொண்டு வந்து ஊத்துது. அங்க காயுது, இங்க ஊறுது. ரெண்டு கிழவனுக்கும் ஒரு நல்ல புகை கிடையாது.

கண்ணைத் துடையும். ஆம்பிளை அழுதா எனக்கு என்ன செய்யணும்னு தெரியாது. காப்பியும் கிடையாது.

போரும். போய் ஒண்ணும் கேக்காதேயும். கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குக மாதிரி படுத்திருப்பாரு, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். ஒரு டம்ளர் தண்ணியை வச்சிட்டு வந்திரும். வாக்கர்ல கிடக்க துணியை எடுத்திரும். அதுலயே அவருக்கு மனசிலாயிரும். பொறவு ஒரு சோடா மூடியில உப்புப் போட்டு, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, ஒரு டப்பாவும் குடும். சுருட்டை அதுக்குள்ள வைக்கச் சொல்லும். நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு. சாம்பல் பறக்காது, சரஸ்வதியம்மாவுக்கும் நைட்டி மிஞ்சும்.

பூட்டா? கிடக்கட்டும். என் பிஸ்கட் டப்பாவுக்கு ஆகும், பகவதி தூக்கிப் போடாம இருக்கதுக்கு.

ஓய், மஹேஷே! எங்க லிஃப்டு பட்டனை அமுக்கிக்கிட்டு நிக்கீரு? ஒரு மாடிதானே உமக்கு? படியில ஏறும். உங்க அப்பாவே ஏறுகாரு.